தேனீயைப் பாடிய பேராசிரியர்

ஊரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து வழங்குதல் நம்மவரின் நெடுநாள் வழக்கம். உத்தமதானபுரம் என்னும் சிற்றூர் உ. வே. சாமிநாதையர் என்ற பெயரின் முதலெழுத்தில் இன்றும் வாழ்கிறது. பிழைப்பின் பொருட்டு நெடுந்தொலைவு கடந்து வந்து குடியேறிய நம்மில் பலருக்கும், சொந்த ஊர் என்பது பெயரின் முன்னே நிற்கும் ஓர் எழுத்தாகவே உடன் வந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜெர்மானியப் புலவர் ஒருவரும் இவ்வாறே செய்தார். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் ஆகஸ்ட் ஹைன்ரிக் ஹாப்மன். ஹாப்மன் என்பது அந்நாட்டில் மிகப் பலருக்கு உள்ள பெயர். ஆகவே தாம் பிறந்த பாலர்ஸ்லேபன் என்னும் ஊரையும் அதனோடு சேர்த்து, ஹாப்மன் வான் பாலர்ஸ்லேபன் எனத் தம்மை வழங்கிக் கொண்டார். பாலர்ஸ்லேபன் ஊரின் ஹாப்மன் என்பது அதன் பொருள். அப்பெயரே நிலைத்தது.

ஜெர்மனியின் நாட்டுப்பண்ணை இயற்றியவர் என்று உலகம் இவரை அறியும். ஆனால் ஜெர்மன் மொழி பேசும் இல்லங்களில் ஒரு குழந்தை நாட்டுப்பண்ணைக் கேட்டறியும் முன்பே இவருடைய வேறொரு பாட்டைக் கற்றுவிடுகிறது. அது ஒரு தேனீயைப் பற்றிய பாட்டு. ஏட்டுச் சுவடிகளில் ஆழ்ந்து கிடந்த பேராசிரியர் ஒருவர் தேனீயையும் பட்டாம்பூச்சியையும் காட்டுக் கனியையும் பாட வந்தது எப்படி, அப்பாடல்கள் குழந்தைக்கு எதைக் கற்பித்தன, எதைக் கற்பிக்காது விட்டன என்பவற்றைக் காண்பது, குழந்தைகளை வளர்க்கும் நம் குடும்பங்களுக்குப் பயன் தரும்.

இளமையும் கல்வியும்

ஹாப்மன் 1798-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் வட ஜெர்மனியில் உள்ள பாலர்ஸ்லேபனில் பிறந்தார். அந்நாளில் அது தனிச் சிற்றூர்; 1972-இல் வோல்ப்ஸ்பர்க் என்னும் தொழில் நகரத்தோடு இணைந்துவிட்டது. தந்தையார் வணிகர், வழிப்போக்கர் தங்கும் விடுதி ஒன்றையும் நடத்தினார், ஊரின் நகரத் தலைவராகவும் விளங்கினார். ஹாப்மனின் சிறு பருவத்தில் அப்பகுதி நெப்போலியனின் ஆதிக்கத்தின்கீழ் வந்தது. ஊரை ஆள்வோரின் மொழி வேறு, வீட்டில் பேசும் மொழி வேறு என்ற நிலையைச் சிறுவன் கண்ணாரக் கண்டான். தாய்மொழியின்பால் அவருக்குப் பிற்காலத்தில் உண்டான தணியாத பற்றுக்கு அதுவும் ஒரு காரணம் எனலாம்.

1816-இல் கோட்டிங்கன் பல்கலைக் கழகத்தில் சமயக் கல்வி பயிலச் சேர்ந்தார். அதில் மனம் செல்லவில்லை. பழைய கிரேக்க உரோமானியக் கலைகளை ஆராய வேண்டும், இத்தாலிக்கும் கிரேக்க நாட்டுக்கும் செல்ல வேண்டும் என்ற ஆசை மேலிட்டது. அந்நிலையில் 1818-இல் காசல் நகரில் யாக்கோபு கிரிம் என்னும் பேரறிஞரைச் சந்தித்தார். தம் தம்பியுடன் சேர்ந்து நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டி உலகப் புகழ் பெற்றவர் கிரிம். இளைஞரின் ஆசையைக் கேட்ட அவர், தொலை நாடுகளைவிடத் தம் தாய்நாடு அருகில் இல்லையோ என்று வினவினார். அந்த ஒரு கேள்வி ஹாப்மனின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. அன்று முதல் ஜெர்மன் மொழியும் அதன் பழைய இலக்கியமும் நாட்டுப் பாடல்களுமே அவருடைய துறையாயின.

சுவடி தேடி அலைந்த நம் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இவருடைய பிற்கால உழைப்பு நன்கு விளங்கும். 1821-இல் பான் நகரில், ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள ஒட்பிரிட் என்னும் புலவரின் நூற்பகுதிகளைக் கண்டெடுத்தார். 1837-இல் பிரான்சு நாட்டு வலென்சியன் நகர நூலகத்தில், காணாமற் போய்விட்டதென்று அறிஞர் கருதியிருந்த ஒன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் பாடல் ஒன்றை மீட்டார். பழைய டச்சு இலக்கியத்தைத் தேடித் தொகுத்துப் பன்னிரண்டு பகுதிகளாக வெளியிட்டார். இவற்றுக்கிடையே 1823-இல் பிரெஸ்லா பல்கலைக் கழக நூலகத்தில் பணியேற்று, 1830-இல் துணைப் பேராசிரியராகவும் 1835-இல் ஜெர்மன் மொழி இலக்கியப் பேராசிரியராகவும் உயர்ந்தார். பிரெஸ்லா இன்று போலந்து நாட்டில் விரோட்ஸ்வாவ் என்ற பெயரோடு விளங்குகிறது.

மெட்டு முந்தியது, சொல் பிந்தியது

பேராசிரியர் பதவி கிடைத்த அதே 1835-ஆம் ஆண்டில்தான் அவருடைய புகழ் பெற்ற குழந்தைப் பாடல்கள் பல பிறந்தன. இளவேனிலில் பறவைகள் திரும்பி வருவதைக் கூறும் பாட்டு, காட்டில் குக்கூவெனக் கூவும் பறவையின் பாட்டு, அப்பறவைக்கும் கழுதைக்கும் யார் நன்றாகப் பாடுவது என்று எழுந்த வழக்கைச் சொல்லும் நகைச்சுவைப் பாட்டு, தேனீயின் பாட்டு ஆகியவை அவற்றுட் சில. வாழ்நாளில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களைக் குழந்தைகளுக்கென்றே அவர் இயற்றினார்.

இப்பாடல்களில் பலவற்றுக்கு அவர் புதிய மெட்டைத் தேடவில்லை. நாட்டுப் பாடல்களைத் திரட்டி வந்தவராதலின், மக்கள் நாவில் ஏற்கெனவே ஊறிப் போயிருந்த மெட்டுக்கள் அவருக்குக் கை வந்திருந்தன. அம்மெட்டுக்களுக்கே சொல் கட்டினார். பறவைகளின் பாட்டுக்கு ஒரு பழைய நாட்டு மெட்டும், குக்கூப் பறவையின் பாட்டுக்கு ஆஸ்திரிய நாட்டு மெட்டும், தேனீயின் பாட்டுக்குப் பொஹீமியா நாட்டு மெட்டும் அமைந்தன. தேனீப் பாட்டின் மெட்டு முழுவதும் ஐந்தே சுரங்களுக்குள் அடங்கிவிடுகிறது. மூன்று வயதுக் குழந்தையின் குரல் ஏறி இறங்கக் கூடிய எல்லை அவ்வளவுதான். கற்றறிந்த கவிஞர் பலர் குழந்தைக்கென்று எழுதித் தோற்பது இந்த எல்லையை அறியாமையால்தான். பிள்ளை பாட முடியாத பாட்டு, பிள்ளைப் பாட்டு ஆகாது.

தேனீப் பாட்டு சொல்வது என்ன?

தேனீயின் முரற்சியையே மூன்று முறை அடுக்கித் தொடங்கும் அப்பாட்டு, முதலில் அதற்கு ஓர் உறுதிமொழி அளிக்கிறது. குழந்தைகள் அதற்கு யாதொரு தீங்கும் செய்யப் போவதில்லை என்பதே அவ்வுறுதி. பின்னர் அதனைக் காட்டுக்கும் வெளிக்கும் பறந்து செல்லுமாறு விடை கொடுத்து அனுப்புகிறது. மலர்தோறும் தேடிச் சிறிது சிறிதாகச் சேர்த்து வருமாறும், நிறைந்த சுமையோடு வீடு திரும்பிக் கூட்டைக் கட்டுமாறும் வேண்டுகிறது. முடிவில் கிறிஸ்துமஸ் நாள் வருகிறது. அந்நாளில் மெழுகுத் திரி ஏந்தித் தேன் கலந்த பணியாரங்களைத் தேடும் குழந்தைகள், அவ்விரண்டையும் தந்த தேனீயை நன்றியோடு நினைப்பார்கள் என்று பாட்டு நிறைவு பெறுகிறது.

இதன் அமைப்பை ஊன்றி நோக்க வேண்டும். தேனீ என்றவுடன் குழந்தையின் மனத்தில் முதலில் எழுவது அச்சம். அச்சத்தோடு இருக்கும் குழந்தைக்கு எதையும் கற்பிக்க இயலாது. அது ஓடும், அல்லது செருப்பை எடுத்து அடிக்கும். ஹாப்மன் அச்சப்படாதே என்று குழந்தைக்கு உபதேசம் செய்யவில்லை. தேனீக்கு அஞ்சேல் என்று அபயம் கொடுக்கும் நிலையில் குழந்தையை நிறுத்திவிட்டார். அபயம் கொடுப்பவன் அஞ்சுவானோ? குழந்தை தன்னை அறியாமலே பெரியவனாகிறது; சிற்றுயிரைக் காக்கும் பொறுப்பு அதன் தோளில் ஏறுகிறது. இஃது உண்மை அறிவோடும் பொருந்துவது. மலரில் மேயும் தேனீ வீணே கொட்டுவதில்லை. மனிதர் தோலில் கொட்டினால் முள்ளைப் போல் கொக்கியுள்ள அதன் கொடுக்கு தோலிலேயே சிக்கிக் கொள்ள, தேனீ உயிர் துறக்கிறது. ஆகவே நசுக்கப்பட்டாலோ, கூட்டுக்கு ஆபத்து நேர்ந்தாலோ அல்லாமல் அஃது அப்படைக்கலத்தை எடுப்பது அரிது.

இரண்டாவதாக, பாட்டு தேனீயின் ஒரு நாளைப் படிப்படியாகக் காட்டுகிறது. புறப்பாடு, தேடல், சேர்த்தல், வீடு திரும்பல், கட்டுதல் என்ற வரிசையில் உழைப்பின் ஒழுங்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. மூன்றாவதாக, குழந்தை உண்ணும் பண்டத்துக்கும் காட்டில் பறக்கும் பூச்சிக்கும் உள்ள உறவை நாவின் சுவை வழியாகவே உணர்த்துகிறது. நன்றி என்னும் பண்பைத் தனியே போதிக்க வேண்டிய தேவை அதன்பின் எழுவதில்லை.

பாட்டால் பறிபோன பதவி

இனி அவர் வாழ்வில் வீசிய புயலைக் காண்போம். அக்காலத்தில் ஜெர்மனி ஒரே நாடாக இல்லை. முப்பதுக்கு மேற்பட்ட அரசுகளாகப் பிரிந்து கிடந்தது. ஊருக்கு ஊர் சுங்கம். நூலுக்கு நூல் தணிக்கை. மன்னரையும் அதிகாரிகளையும் குறை கூறினால் சிறை. இந்நிலை கண்டு மனம் கொதித்த ஹாப்மன் 1840, 1841-ஆம் ஆண்டுகளில் அரசியற் கலப்பில்லாத பாடல்கள் என்று பெயரிட்டு இரண்டு தொகுதிகளை வெளியிட்டார். பெயரே கேலி. உள்ளே இருந்தவை முற்றும் அரசியல். தணிக்கையையும் காவலர் கெடுபிடியையும் பிறப்பால் வரும் உயர்வையும் எள்ளி நகையாடிய அப்பாடல்களை மக்கள் விரும்பி வாங்கினர், அரசு வெகுண்டது.

அதே காலத்தில்தான், 1841 ஆகஸ்ட் 26-ஆம் நாள், அந்நாளில் ஆங்கிலேயர் வசம் இருந்த ஹெலிகோலாந்து தீவில் தங்கியிருந்தபோது, ஒன்றுபட்ட ஜெர்மனியைக் கனவு கண்டு மூன்று பத்திகளில் ஒரு பாட்டு இயற்றினார். ஹைடன் என்னும் இசைமேதை 1797-இல் அமைத்த மெட்டுக்கு அஃது எழுதப்பட்டது. 1922-இல் அது நாட்டுப்பண் ஆயிற்று. சிதறிய அரசுகள் ஒன்றாக வேண்டும் என்று அவர் பாடிய முதற்பத்தி, இட்லரின் ஆட்சியில் பிறரை அடக்கியாளும் முழக்கமாக்கப்பட்டது. ஒற்றுமையையும் நீதியையும் உரிமையையும் போற்றும் மூன்றாம் பத்தி மட்டுமே இன்று ஜெர்மனியின் நாட்டுப்பண். குணத்தோடு குற்றத்தையும் எடையிட்டுப் பார்ப்பதே வாழ்க்கை வரலாற்றின் கடமை. ஆதலின் ஒன்று கூற வேண்டும். ஹாப்மனின் அரசியற் பாடல்களில் பிரெஞ்சுக்காரரையும் யூதரையும் பழிக்கும் பாடல்கள் சில உண்டு. உரிமை பாடிய நாவுக்கு அவை அழகு அல்ல.

1842-இன் இறுதியில் பிரஷ்ய அரசு ஹாப்மனைப் பேராசிரியர் பதவியிலிருந்து நீக்கியது. ஓய்வூதியமும் மறுக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் நாட்டை விட்டே வெளியேற்றப்பட்டார். நாற்பத்தைந்து வயதில் வீடும் வேலையும் குடியுரிமையும் இழந்து, நண்பர்களின் வீடுகளில் மாறி மாறித் தங்கி வாழும் நிலை வந்தது. செல்லும் நகரங்களிலிருந்தும் காவலர் அவரைப் பல முறை விரட்டினர். மெக்லன்பர்க் பகுதியில் நிலக்கிழார்களாக இருந்த நண்பர்கள் தம் பண்ணைகளில் அவருக்குப் புகலிடம் அளித்தனர்.

அவர் நாடு கடத்தப்பட்ட அந்த 1843-ஆம் ஆண்டில்தான், ஐம்பது குழந்தைப் பாடல்கள் கொண்ட அவருடைய நூல் லைப்சிக் நகரில் இசைக்குறிப்புடன் வெளிவந்தது. பிரெஸ்லாவில் எழுதி வைத்திருந்த தேனீப் பாட்டு அவ்வாண்டிலேயே அச்சேறியது. 1845-இல் மேலும் ஐம்பது பாடல்களும், 1847-இல் நாற்பது பாடல்களும் தொடர்ந்தன. மெண்டல்சன், ஷூமன் போன்ற பேரிசைவாணர்கள் அவற்றுக்கு இசை வழங்கினர். எந்த அரசு அவர் காலடி பட வேண்டாம் என்று எல்லைக் கதவை அடைத்ததோ, அதே அரசின் குடிகள் தம் வீட்டுத் தொட்டிலருகே அவருடைய தேனீயைப் பாடிக் கொண்டிருந்தனர். அரசியற் பாடல்களைக் காவலர் பறிமுதல் செய்தனர். குழந்தையின் வாயில் இருக்கும் பாட்டை எந்தக் காவலர் பறிமுதல் செய்ய இயலும்?

குழந்தைக் கல்வியும் அக்காலத்தில் ஆள்வோரின் ஐயத்துக்கு ஆளாகியது என்பதையும் இங்கே நினைவு கூரலாம். பிரீட்ரிக் புரோபெல் என்னும் ஆசிரியர் 1840-இல் தம் பள்ளிக்குக் குழந்தைத் தோட்டம் என்று பெயர் சூட்டினார். இன்று நாம் கிண்டர்கார்ட்டன் என்று வழங்குவது அப்பெயரே. 1844-இல் தாய்மாருக்கான பாட்டும் விளையாட்டும் கொண்ட நூல் ஒன்றை அவர் வெளியிட்டார். அவர் வகுத்த முறையில் ஒவ்வொரு குழந்தைக்கும் தோட்டத்தில் சிறு பாத்தி ஒன்று உண்டு. விதைத்து, நீர் ஊற்றி, பூப்பதையும் காய்ப்பதையும் குழந்தையே காண வேண்டும். இத்தகைய பள்ளிகளை 1851-இல் பிரஷ்யா தடை செய்தது. அடுத்த ஆண்டே புரோபெல் காலமானார். தடை நீங்கியது 1860-இல்தான். பாட்டும் தோட்டமும் சேர்ந்து குழந்தையைத் தானே எண்ணிப் பார்க்கச் செய்துவிடும் என்பதை அதிகாரிகள் நன்கு உணர்ந்திருந்தனர் போலும்.

பாட்டில் இல்லாத பாதி

தேனீப் பாட்டில் ஒரு குறை உண்டு. தேனீ மலரிடமிருந்து பெறுவதைச் சொல்கிறதேயன்றி, மலருக்கு அது தருவதைச் சொல்லவில்லை. இத்தனைக்கும் அவ்வுண்மை முன்பே வெளியாகியிருந்தது. ஹாப்மன் பிறப்பதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னர், 1793-இல், பெர்லின் அருகே ஸ்பாண்டோ என்னும் ஊரின் பள்ளித் தலைமையாசிரியரான கிறிஸ்டியன் கொன்ராட் ஸ்பிரெங்கல் அதனை நூலாக வெளியிட்டிருந்தார். மலரின் நிறமும் மணமும், இதழ்மேல் ஓடும் கோடுகளும் மனிதன் கண்டு மகிழ ஏற்பட்டவை அல்ல. பூச்சிக்கு வழி காட்ட அமைந்தவை. தேன் கூலி, மகரந்தத்தைச் சுமந்து செல்வதே வேலை. இதை அவர் நூற்றுக்கணக்கான மலர்களை ஆராய்ந்து நிறுவினார். உலகம் அந்நூலைப் பொருட்படுத்தவில்லை. ஆசிரியர் பதவியையும் இழந்து 1816-இல் அவர் மறைந்தார். அரை நூற்றாண்டு கழித்து அந்நூலை 1841-இல் படித்த டார்வின் அதன் அருமையை உணர்ந்து பாராட்டிய பின்னரே அறிஞர் உலகம் விழித்துக் கொண்டது.

பாட்டில் இல்லாத இந்தப் பாதியை ஹாப்மனின் வேறு பாடல்களைக் கொண்டே நிரப்பலாம் என்பது வியப்பு. அவருடைய பட்டாம்பூச்சிப் பாட்டுக்கு ஷூமன் 1849-இல் இசை அமைத்தார். தன்னைக் கண்டு பறந்தோடும் பட்டாம்பூச்சியைக் குழந்தை கேள்வி கேட்கும் முறையில் அமைந்தது அது. இன்னொன்று விடுகதைப் பாட்டு. செந்நிறப் போர்வை அணிந்து, தலையில் கருங்குல்லாய் சூடி, காட்டின் நடுவே ஒற்றைக் காலில் அசையாது நிற்கும் குட்டி மனிதன் யார் என்று அது கேட்கிறது. காளான் என்று பலர் சொல்வர். விடை அதுவன்று. காட்டு ரோஜாவின் சிவந்த கனியே அந்தக் குட்டி மனிதன். ஹம்பர்டிங்க் என்பவர் 1893-இல் அரங்கேற்றிய இசைநாடகத்திலும் இப்பாட்டு இடம் பெற்றது.

அக்கனி எங்கிருந்து வந்தது? இளவேனிலில் பூத்த காட்டு ரோஜாவைத் தேனீக்கள் நாடி வந்தன. அம்மலரில் தேன் இல்லை என்றே கூறலாம். மகரந்தத்துக்காகவே தேனீ வருகிறது. மயிர் அடர்ந்த உடலில் பொன் தூளாய் ஒட்டிய மகரந்தத்தைக் கால்களால் வழித்துப் பின்னங்காலில் உள்ள கூடை போன்ற குழிவில் திணித்துக் கொள்கிறது. வழித்தது போக எஞ்சிய தூள் அடுத்த மலரின் சூல்முடியில் படிகிறது. ஒரு முறை புறப்பட்டால் பெரும்பாலும் ஒரே இன மலரையே நாடிச் செல்வது தேனீயின் இயல்பு. ஆதலின் மகரந்தம் உரிய இடத்தையே சேர்கிறது. மலர் வாடி உதிர்கிறது. அடியில் இருந்த பகுதி பருத்துச் சிவக்கிறது. தேனீப் பாட்டுக்கும் குட்டி மனிதனின் பாட்டுக்கும் இடையே ஒரு கோடைக் காலம் கிடக்கிறது. இளவேனிலில் முதற்பாட்டைப் பாடி, இலையுதிர் காலத்தில் இரண்டாம் பாட்டைப் பாடி, இடையில் நிகழ்ந்ததைக் குழந்தை கண்ணால் காணச் செய்வதே நல்லாசிரியர் செய்யத்தக்கது. பாட்டு கதவைத் திறக்கும். உள்ளே அழைத்துச் சென்று காட்டுவது பெரியோர் பொறுப்பு.

மாலைக் காலம்

1848-இல் எழுந்த மக்கள் புரட்சிக்குப் பின் ஹாப்மனுக்கு உரிமைகள் ஓரளவு மீண்டன. சிறு உதவித்தொகையும் கிடைத்தது. பேராசிரியர் பதவி மட்டும் கிடைக்கவில்லை. 1849-இல், ஐம்பத்தோராம் வயதில், தம்மினும் மிக இளையவரான உறவுப் பெண் இடாவை மணந்தார். 1854 முதல் வைமர் நகரில் வாழ்ந்து, லிஸ்ட் என்னும் இசைமேதையின் நட்பைப் பெற்றார். 1860-இல் ராட்டிபோர் கோமகனார் தம் கோர்வை அரண்மனை நூலகத்தைப் பேணும் பொறுப்பை அவருக்கு அளித்தார். வெசர் ஆற்றங்கரையில் பழைய துறவிமடம் ஒன்றே அரண்மனையாக மாறியிருந்த இடம் அது. நெடுநாள் அலைச்சலுக்குப் பின் நிலையான இல்லம் கிடைத்த அதே ஆண்டில் இடா காலமானார். ஐந்து வயது மகன் பிரான்சுடன் முதியவர் தனித்து நின்றார். அம்மகன் பிற்காலத்தில் ஓவியராய் விளங்கினார்.

பதினான்கு ஆண்டுகள் அந்நூலகத்தை வளர்த்தும், தம் வாழ்க்கையை ஆறு பகுதிகளாக எழுதியும், 1874 ஜனவரி 19-ஆம் நாள் எழுபத்தைந்தாம் வயதில் அவர் கோர்வையில் மறைந்தார். மனைவியின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

முரற்சி குறைந்த காடு

ஹாப்மன் விடை கொடுத்து அனுப்பிய தேனீயின் நிலை இன்று கவலைக்குரியது. ஜெர்மனியில் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளிலேயே பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 27 ஆண்டுகளில் முக்காற் பங்குக்கு மேல் குறைந்துவிட்டதாக 2017-இல் வெளியான ஆராய்ச்சி தெரிவித்தது. 2019-இல் பவேரிய மாநிலத்தில் தேனீக்களைக் காக்கச் சட்டம் வேண்டுமென்று மக்கள் இயக்கம் எழுந்தது. இரண்டு வார காலத்துக்குள் 17 லட்சத்துக்கு மேற்பட்டோர் நேரில் சென்று கையொப்பமிட்டனர். சட்டமும் பிறந்தது. மழலைப் பருவத்தில் தேனீக்கு அபயம் கொடுத்துப் பாடியவர் அவர்களுள் பலர் இருந்திருப்பர். குழந்தைப் பருவத்தில் கொடுத்த வாக்கு முதுமையில் கையொப்பமாக வருமானால், அதைவிடச் சிறந்த கல்வி வேறு யாது?

நமக்குரிய பணி

வண்டை விளித்துப் பாடுதல் தமிழருக்குப் புதிதன்று. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் தலைவன் தும்பியை அழைத்தே தன் ஐயத்தை வினவுகிறான். மணிவாசகர் திருக்கோத்தும்பி என்னும் பகுதியில் இருபது பாடல்களையும் தும்பியை நோக்கியே பாடினார். வண்டு, சுரும்பு, ஞிமிறு, தும்பி என்று பல பெயர்களையும், ஒலிக்கு முரலுதல் என்றொரு தனிச்சொல்லையும் வைத்திருக்கும் மொழி நம் மொழி. ஆயினும் நம் குடியிருப்புக் குழந்தைகள் பள்ளியில் இந்தியிலும் ஆங்கிலத்திலுமே உயிர்களை அறிகின்றனர். தேனீ என்னும் சொல்லையே அறியாத பிள்ளைகளும் இருக்கக் கூடும். அச்சொல் வீட்டில் ஒலிக்காவிட்டால் வேறெங்கே ஒலிக்கும்?

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டா. வீட்டுக் கொல்லையில் ஒரு பூசணிக் கொடி போதும். அதில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே மலரும். பெண் பூவின் அடியில் குட்டிப் பூசணி ஒன்று முன்பே அமர்ந்திருக்கும். காலையில் தேனீ வந்து மகரந்தம் சேர்த்தால் அது பருக்கும். சேர்க்காவிட்டால் சில நாளில் வெம்பி உதிரும். இந்த வேற்றுமையைக் குழந்தை தன் கண்ணால் காணலாம். தேனீ வாராத நாளில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவே தடவித் தேனீயின் வேலையைக் குழந்தையே செய்து பார்க்கலாம். அதன் பின் காய்த்த பூசணி சமையலறைக்கு வரும்போது, யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது அதற்குத் தெரிந்திருக்கும்.

அவ்வேளையில் பாடத் தமிழில் ஒரு பாட்டு வேண்டும். பாட்டியர் அறிந்த தாலாட்டு மெட்டும் கும்மி மெட்டும் நம் வீடுகளில் இன்னும் அழிந்துவிடவில்லை. அவற்றுள் எளியது ஒன்றைத் தேர்ந்து, தேனீக்கு அபயம் தந்து, மலருக்கு அதனை அனுப்பி, பூசணியில் கொண்டு வந்து முடிக்கும் நான்கு அடிகளை நம் அன்னையர் இயற்றலாம். இலக்கணப் பிழை நேருமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. குழந்தை அதை மறுநாளும் பாடினால் பாட்டு வென்றது. பேராசிரியர் பதவியும் நாடும் பறிக்கப்பட்ட ஒருவருக்கு இறுதிவரை பறிபோகாமல் நின்றவை அத்தகைய எளிய பாடல்களே.